அம்மா போன் செய்தால்கூட எடுக்கப் பயமாக இருக்கிறது

வேளச்சேரி ஹாஸ்டல்:
எனக்கு 24 வயது. சோழிங்கநல்லூரில் வேலை. ராத்திரி 11 மணிக்குக் கொஞ்ச நேரம் ரீல்ஸ் பார்க்கலாம் என்று படுத்தால் மணி ஒன்றரை, இரண்டு ஆகிவிடுகிறது. அதைவிடக் கஷ்டம், போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. 'அம்மா' என்று திரையில் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அடித்து ஓய்ந்ததும் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பொய். சாப்பிட்டியா என்றுதான் கேட்கப்போகிறார், அதற்கு ஏன் இப்படிப் பயம் என்று தெரியவில்லை.

போன ஞாயிறு இன்ஸ்டாவை எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்துக்கு பேங்க் ஆப் நகர்ந்து வந்துவிட்டது. மதியத்துக்குள் 4 முறை என் கட்டைவிரல் அதைத் திறந்திருக்கிறது. பின் நம்பர் கேட்கும்போதுதான் எனக்கே உறைத்தது. சாயங்காலமே இன்ஸ்டாவைத் திரும்பப் போட்டுவிட்டேன். கூடப் படித்த ஒருத்தி ஜெர்மனி போய்விட்டாள், இன்னொருத்திக்கு நிச்சயதார்த்தம். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சேலத்து அண்ணன்:
தங்கச்சி, நானும் ஆப்பை எடுத்து எடுத்துத் திரும்பப் போட்டவன்தான். எனக்குக் கைகொடுத்தது ஒரு சாதாரண அலாரம் கடிகாரம். காலையில் எழுப்ப வேண்டுமே என்றுதான் போன் தலையணைக்கடியில் இருந்தது. கடிகாரம் வந்ததும் சார்ஜரைக் கதவுப் பக்கம் மாற்றிவிட்டேன். முதல் மூன்று ராத்திரி கை தானாகத் தலையணைக்கடியில் துழாவியது, தூக்கமும் சரியாக வரவில்லை. அதற்குள் விட்டுவிடாதே, பொறுத்துக்கொள். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற இடத்தில் பெட்டைம் மோடு இருக்கும். அதில் திரையைக் கறுப்பு வெள்ளை ஆக்கலாம். நிறம் போனால் ரீல்ஸ் அவ்வளவாக இழுக்காது.

வார்டு நர்ஸ்:
நான் மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பவர்களைக் கவனித்திருப்பாய். பார்த்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி, அப்புறம் மறுபடியும் சந்தேகம். நீ ரீல்ஸைத் திறப்பதும் அம்மாவின் போனை எடுக்காமல் விடுவதும் இதே மாதிரிதான்மா. படபடப்பு அந்த நேரத்துக்கு அடங்கும், ஆனால் அடுத்த முறை போன் அடிக்கும்போது பயம் இன்னும் கூடியிருக்கும். அதனால் அவர் கூப்பிடும்வரை காத்திருக்காதே. நேரம் குறித்துக்கொண்டு நீயே கூப்பிடு, 2 நிமிஷம் பேசினால் போதும்.

இதற்காக உதவி கேட்பதில் கூச்சமே வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014-லேயே போனை விட முடியாமல் தவிப்பவர்களுக்கென்று தனி கிளினிக் தொடங்கிவிட்டார்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் 14416-க்குக் கூப்பிடு. டெலி மனஸ் என்ற அரசு சேவை, 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வேளச்சேரி ஹாஸ்டல்:
அண்ணா, கடிகாரம் வாங்கிவிட்டேன். அக்கா, நேற்று ராத்திரி 9 மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் நானே அம்மாவைக் கூப்பிட்டேன். கை நடுங்கியது. எடுத்ததும் "என்னடி, உடம்பு சரியில்லையா, நீயே கூப்பிடுற?" என்று பதறிவிட்டார். 11 நிமிஷம் பேசினோம். தூக்கம் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, அதனால் நாளைக்கு லஞ்ச் நேரத்தில் 14416-க்கும் பேசப்போகிறேன்.