மறு: 'சக்கரச் சீரமைப்பு' என்று போட்டால் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> வீல் அலைன்மென்ட் (கார்ச் சக்கரங்கள் எந்தெந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது) என்பதற்குச் 'சக்கரச் சீரமைப்பு', 'சக்கர நேரமைப்பு' இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாமா? அதில் அளக்கும் கோணங்களான டோ, கேம்பர், காஸ்டர் மூன்றுக்கும் முறையே 'விரல் கோணம்', 'வளைவு', 'சாய்வு' என்று எழுதியிருக்கிறேன்.

சீரமைப்பு வேண்டாம். ஏரியையும் சீரமைக்கிறார்கள், கட்சியையும் சீரமைக்கிறார்கள். சக்கரத்துக்கென்று அதில் எதுவும் ஒட்டவில்லை. நேரமைப்பு அதைவிடச் சிக்கல், ஏனென்றால் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. நான்கு சக்கரமும் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்பதுதான் அலைன்மென்ட் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். சக்கரம் கொஞ்சம் கோணலாக நிற்பதுதான் பல வண்டிகளில் சரியான நிலை. எவ்வளவு கோணல், எந்தப் பக்கம் என்பதே கேள்வி. அதனால் 'சக்கரக் கோண அமைவு' என்பது என் பரிந்துரை. அமைவு என்றால் இருக்கும் நிலை. பட்டறையில் செய்யும் வேலைக்குக் 'கோணம் திருத்தல்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்; நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து வாங்க வேண்டும்?

இனி டோ. கால்விரலை உள்பக்கம் திருப்பி நிற்பவரைப் பார்த்து வைத்த பெயர் அது. தமிழில் 'விரல் கோணம்' என்றால் ஆர்த்தோ டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் நெருங்கி, பின்விளிம்புகள் விலகியிருப்பது 'முன்குவிவு'. மாறாக இருந்தால் 'முன்விரிவு'. கும்பிடும்போது கை குவிப்பதை நினைத்தால் படம் உடனே வந்துவிடும்.

அளவு மி.மீட்டரிலும் வரும், கோணத்திலும் வரும். 14 அங்குல ரிம் என்றால் விட்டம் ஏறக்குறைய 356 மி.மீ. ஒரு சக்கரம் 1° திரும்பினால் விளிம்பில் 6.2 மி.மீ. வித்தியாசம், 1 மி.மீ. என்றால் சுமார் 10 கலை (1° = 60 கலை). முன்சக்கர இயக்கமுள்ள சின்னக் கார்களில் இது பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும், ஒன்றிரண்டு மி.மீ. இப்படி அப்படி. ஓடும்போது எஞ்சின் விசை சக்கரங்களை முன்னுக்கு இழுத்துக் குவிக்கப் பார்க்கிறது. பின்சக்கர இயக்கத்தில் முன்சக்கரங்கள் தள்ளப்பட்டு விரியப் பார்க்கும். அதனால் நிற்கும்போதே சற்று முன்குவிவு கொடுத்து வைப்பார்கள்.

மொத்த முன்குவிவு வேண்டியதைவிட 3 மி.மீ. கூடிவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு சக்கரத்துக்கும் 1.5 மி.மீ. பங்கு. கிலோமீட்டருக்கு நான்கு மீட்டருக்கு மேல் டயர் பக்கவாட்டில் தரையை உரசிக்கொண்டு போகிறது என்று பொருள். டயர் எதற்குத் தேய்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்று போதும்.

கேம்பருக்கு 'வளைவு' பொருந்தாது, அங்கே எதுவும் வளையவில்லை. முன்னால் நின்று பார்க்கையில் தூக்குக்குண்டு நூலிலிருந்து சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் அது. 'சக்கரச் சாய்வு' போதும். தலைப்பக்கம் வெளியே சாய்ந்தால் வெளிச்சாய்வு, உள்ளே சாய்ந்தால் உட்சாய்வு. கூட்டல் கழித்தல் குறியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, சொல்லிலேயே திசை இருக்கிறது.

காஸ்டரை அகராதியில் தேடினால் ஆமணக்கு வந்து நிற்கும். அதற்குச் சொல் தேடும்முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: சாய்வது சக்கரம் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்தக் கோடு சாய்ந்திருக்கிறது. கீழே பால் ஜாயின்டையும் (உருண்டை மூட்டு) மேலே ஸ்ட்ரட் (அதிர்வுதாங்கித் தண்டு) தலையையும் இணைக்கும் கோடு அது. முதலில் அதற்குப் பெயர் வைப்போம்: 'திருப்பச்சு'. பக்கத்திலிருந்து பார்க்கும்போது அதன் தலை பின்னுக்குச் சாய்ந்திருப்பது 'திருப்பச்சுப் பின்சாய்வு'. இன்னும் சுருக்கமாக யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

---

ஐயா வணக்கம்.

முன்குவிவு, முன்விரிவு இரண்டும் பட்டறையில் நிற்கும். பள்ளிக்கூடத்துக் 'குவி ஆடி' ஒளியை விரிக்கத்தானே செய்கிறது, அங்கே குவி என்பது புடைப்பைக் குறிக்கிறதே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். 'முன்' சேர்ந்திருப்பதால் அந்தக் குழப்பம் இங்கே வராது என்று நினைக்கிறேன்.

> உள்ளே சாய்ந்தால் உட்சாய்வு

இங்கேதான் இடிக்கிறது. திருப்பச்சு பின்னுக்கு மட்டும் சாய்வதில்லை, முன்னால் நின்று பார்த்தால் அதன் தலை உள்ளேயும் சாய்ந்திருக்கும். ஸ்ட்ரட் வைத்த கார்களில் 12 டிகிரிக்கு மேல்கூட இருக்கும். அதற்கும் 'உட்சாய்வு' என்றுதான் சொல்ல வேண்டிவரும். ஆகவே முன்னொட்டை விடவே கூடாது: சக்கர உட்சாய்வு வேறு, திருப்பச்சு உட்சாய்வு வேறு. நீளமாக இருக்கிறது என்று யாரும் வெட்டிவிடாமல் பட்டியலிலேயே குறிப்புப் போடுங்கள்.

இதைப் பிரித்து வைப்பது வெறும் இலக்கண ஆசை இல்லை. கோளாறு கண்டுபிடிப்பதே இந்தப் பிரிவினையை நம்பித்தான். சக்கரச் சாய்வு தவறினால் டயரின் ஒரு தோள் தேயும்: வெளிச்சாய்வு கூடினால் வெளித்தோள், உட்சாய்வு கூடினால் உள்தோள். வண்டியும் வெளிச்சாய்வு அதிகமுள்ள பக்கம் இழுக்கும். நாணயத்தைச் சாய்த்து உருட்டினால் சாய்ந்த பக்கமே வட்டமடிக்கும் அல்லவா, அதே கதை. இரண்டு பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கையில் தெரிய ஆரம்பிக்கும். திருப்பச்சுப் பின்சாய்வு தவறினால் டயர் தனியாகத் தேயாது. பின்சாய்வு குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் இழுப்பு இருக்காது, ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் மந்தமாகக் கிடக்கும். வேகத்தில் வண்டி அலையும்.

தானாகத் திரும்புவதன் காரணத்துக்கும் ஒரு சொல் வேண்டும். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள்: முளைக்குப் பின்னால் விலகி நின்று, தள்ளிய திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. காரிலும் திருப்பச்சுக் கோடு தரையைத் தொடும் இடம் டயர் தரையில் பதியும் இடத்துக்கு முன்னால் விழுகிறது. அந்த இடைவெளிக்குப் 'பின்தொடர் நீளம்' என்று வைக்கலாம்.

முன்குவிவைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அதன் தேய்மானம் கண்ணுக்குமுன் கைக்குத் தெரியும். டயர் முகத்தில் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டுங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுவழுப்பு, உள்ளிருந்து வெளியே வரும்போது ரம்பம்போல் கிழித்தால் முன்குவிவு அதிகம். எதிராக இருந்தால் முன்விரிவு. இந்தத் தேய்மானத்துக்கு 'ரம்பத் தேய்வு' என்று பெயர் கொடுக்கிறேன். ஆங்கில 'ஃபெதரிங்'கைப் பட்டியலில் 'இறகுத் தேய்வு' என்று மொழிபெயர்த்திருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், இறகு யார் கையையும் கிழிக்காது.

அளவுக்கு ஒரு கணக்கு. டை ராட் (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) மரையின் புரியிடைத் தூரம், அதாவது அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடைவெளி, 1.5 மி.மீ., அந்தத் தண்டு தள்ளிச் சக்கரத்தைத் திருப்பும் நெம்புகையின் நீளம் 120 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ராடை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அந்தச் சக்கரம் 0.7° திரும்பும். 14 அங்குல ரிம்மில் 4.4 மி.மீ. ஆகக் கால் சுற்றுக்கு ஒரு மி.மீ. சொச்சம். டை ராட் சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால் நீட்டும்போது குவியும், முன்னால் இருந்தால் நீட்டும்போது விரியும். இரண்டு பக்கமும் சமமாகத்தான் நீட்டவோ குறுக்கவோ வேண்டும். ஒரே பக்கத்தில் மொத்தத்தையும் திருத்தினால் அளவு சரியாக வரும், வண்டி நேராகத்தான் போகும், ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கும். லாக் நட்டைத் தளர்த்துமுன் டை ராடை மூடும் ரப்பர் உறையின் (பூட்) கிளிப்பையும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும்.

இரண்டு டை ராடும் சமமாக இருந்தும் ஸ்டீயரிங் கோணலாக நின்றால் பின்னச்சைப் பார்க்க வேண்டும். பின்சக்கரங்கள் எந்தத் திசையில் தள்ளுகின்றனவோ அதற்கு 'உந்துகோடு' என்று பரிந்துரைக்கிறேன்.

---

இருவருக்கும் நன்றி. சொல் நிற்குமா என்று பார்க்க அதை வைத்து எழுதிப் பார்ப்பதே வழி. 'சக்கரக் கோண அமைவு' என்ற தலைப்பில் ஒரு கற்பனை வேலைத்தாள்:

> புகார்: நேர்ச்சாலையில் வண்டி இடப்புறம் இழுக்கிறது.
> முன்சோதனை: நான்கு டயரிலும் காற்று குறிப்பேட்டுப்படி. பேரிங், பால் ஜாயின்ட், டை ராட் முனை ஆட்டம் இல்லை. பிரேக் ஒட்டவில்லை. முன்டயர்களை இடம் வலம் மாற்றியும் இழுப்புத் திசை மாறவில்லை.
> முன்குவிவு: மொத்தம் 1 மி.மீ.
> சக்கர உட்சாய்வு: இடப்புறம் 0°20′, வலப்புறம் 0°25′.
> திருப்பச்சுப் பின்சாய்வு: இடப்புறம் 2°10′, வலப்புறம் 3°30′.
> உந்துகோடு: நடுவில்.
> கண்டது: இடப்புற லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) பின்புஷ் (ரப்பர் பொதி) கிழிந்து ஆர்ம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.
> செய்ய வேண்டியது: புஷ் மாற்றம்.

ஒரு ஆங்கில எழுத்தும் இல்லாமல் ஓடுகிறது. டயரை மாற்றிப் பார்த்த வரியை வேண்டுமென்றே சேர்த்தேன்: இழுப்பு மறுபக்கம் தாவியிருந்தால் குற்றம் டயரில், கோணத்தில் இல்லை. 'சக்கரக் கோண அமைவு' தலைப்பில் மட்டும் வருகிறது. உள்ளே அதற்கு வேலையே இல்லை.

---

வேலைத்தாள் சரி, கடைசி வரி பாதியில் நிற்கிறது. பல சின்னக் கார்களில் பின்சாய்வைத் திருத்த எந்தத் திருகும் கிடையாது. அது மாறினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் 'கோணம் திருத்தல்' இங்கே பொருந்தாது, புஷ் மாற்றம் என்று எழுதியதே சரி. ஆனால் புஷ் மாற்றியபின் முன்குவிவை மறுபடி அளக்க வேண்டும் என்றும் எழுதுங்கள், ஏனென்றால் ஆர்ம் நகர்ந்தால் அதுவும் நகரும். எப்போதும் முன்குவிவுதான் கடைசி. இன்னொன்று: புஷ்ஷின் போல்ட்டை வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். 'தன்னெடையில் இறுக்கு' என்று இரண்டு சொல்லில் போட்டால் தாளில் இடம் இருக்கும்.