நிறவெறி குறித்த திரையிடல்: எந்தப் படத்தைக் காட்டலாம்?

திரைநிலா:
எங்கள் கல்லூரித் திரைப்படச் சங்கத்தில் அமெரிக்க நிறவெறி பற்றிய படமொன்றைத் திரையிட்டு விவாதிக்க எண்ணியுள்ளோம். வெள்ளை இயக்குநர் கிரிஃபித்தின் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' (1915) படத்தைக் காட்டி, அதிலுள்ள வெறுப்பை மாணவர்களே இனங்காணட்டும் என்கின்றனர் சிலர். கறுப்பினத்தவர் மீது வன்முறையை ஏவிய வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானை மீட்பர்களாகச் சித்திரித்து, அவ்வமைப்பு அதே ஆண்டில் புத்துயிர் பெறவும் தூண்டுதலாக இருந்த படத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குவது முறைதானா?

நெய்தல்:
அதில் சில காட்சிகளே போதும். முழுமையாகக் காட்ட வேண்டியது, கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் 'வித்தின் அவர் கேட்ஸ்' (1920). முகத்தில் கருமை பூசிய வெள்ளை நடிகர் ஒருவர் வெள்ளைப் பெண்ணைத் துரத்துவதாக கிரிஃபித் காட்டினார். மிஷோவின் படத்திலோ கறுப்பினப் பெண்ணைத் தாக்குபவன் வெள்ளையன், அதே வேளையில் அவளை வளர்த்தவர்களை, நிலக்கிழார் ஒருவரைக் கொன்றதாகப் பொய்ப்பழி சுமத்தித் தூக்கிலிடும் கும்பலில் பெண்களும் சிறுவர்களும் நிற்கின்றனர். அந்த நிலக்கிழாரைச் சுட்டவன் வேறொரு வெள்ளையன் என்று காட்டிய பிறகு, செய்தித்தாள் பரப்பிய பொய்யையும் அவர் தனிக் காட்சியாகவே படமாக்கியிருக்கிறார். விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

பாலைத்திணை:
நானும் உடன்படுகிறேன், ஆனால் இதை வெறும் பதிலடியாக அறிமுகப்படுத்த வேண்டாம். வெள்ளையர்முன் பணிந்து, உலகம் அவர்களுக்கு, சொர்க்கம் நமக்கு என்று போதிக்கும் போதகர் ஒருவர், அவர்களிடம் உதையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து தனிமையில் தம்மையே நொந்துகொள்ளும் காட்சி, தூக்குக் காட்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. தம் சமூகத்துக்குள் இருந்த சமரசத்தை மிஷோ இவ்வளவு வெளிப்படையாகக் காட்டியது துணிச்சல்தான்.

முன்னுரையில் 1919 சிகாகோ இனக் கலவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அதில் 38 பேர் இறந்து ஆறு மாதங்களே ஆகியிருந்ததால், இப்படம் மீண்டும் கலவரத்தைத் தூண்டிவிடும் என்று அந்நகரத் தணிக்கைக் குழு அனுமதி தரத் தயங்கியது. பிற்காலத்தில் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்ட இப்படத்தின் பிரதி ஸ்பெயினில் கிடைத்து, 1993-இல் மீட்டமைக்கப்பட்டது.

திரைநிலா:
நன்றி. சுமார் 80 நிமிடப் பேசாப்படம் என்பதால், இடையில் வரும் எழுத்துகளைத் தமிழில் ஒருவர் வாசிக்க ஏற்பாடு செய்கிறோம். பாலியல் தாக்குதல், தூக்குக் காட்சிகள் குறித்து முன்கூட்டியே அறிவித்துவிடுகிறோம். விரும்பாதவர்கள் எழுந்து செல்ல வாசலருகே இருக்கைகளும் இருக்கும். கிரிஃபித்தின் காட்சிகளை முதலில் காட்டுவதா, பிறகா?

நெய்தல்:
பிறகு. மிஷோவின் படத்தை அவர் அமைத்தபடியே முதலில் பார்க்கட்டும்.