7 மி.மீ. தைராய்டு கேன்சர்: சும்மா இருக்கலாம் என்கிறாரே டாக்டர்?

ஈரோட்டுக்காரி:
அம்மாவுக்கு 63 வயது. தலைசுற்றுகிறது என்று கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கப் போனோம். தைராய்டின் வலது பக்கம் 7 மி.மீ. கட்டி தெரிந்தது. கறுப்புக் கொண்டைக்கடலை அளவுதான். ஊசி வைத்துப் பார்த்ததில் பாப்பிலரி கார்சினோமா என்ற தைராய்டு கேன்சர்; ரிப்போர்ட்டில் பெதஸ்டா 6, அதாவது கேன்சர்தான் என்று சொல்லும் கடைசிப் படி. நெறி எதுவும் கட்டவில்லை. ஒரு சர்ஜன், "முழுசா எடுத்திடலாம், அடுத்த வாரம் வாங்க" என்கிறார். இன்னொருவர் ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். கேன்சர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு சும்மா இருக்கச் சொன்னால் எப்படி? அம்மா தாலிக்கொடியை ஒதுக்கிவிட்டு, கண்ணாடி முன் கழுத்தைத் தடவிக்கொண்டே நிற்கிறார். தடவினால் தட்டுப்படக்கூட இல்லை.

பழைய தபால்காரர்:
நான் நாலு வருடமாக அந்த 'சும்மா இருக்கும்' கட்சி. ஆரம்பத்தில் 8 மி.மீ., போன மாதமும் 8. நடுவில் ஒரு தடவை 9 என்று வந்து இரண்டு ராத்திரி தூக்கம் போனது. வேறு மெஷின், வேறு கை, ஒரு மி.மீ. அப்படியே மாறும், 3 கூடினால்தான் வளர்ச்சி என்றார் டாக்டர். அப்புறம் ஸ்கேன் சென்டரை மாற்றுவதே இல்லை.

இது சோம்பேறி வைத்தியம் இல்லை, அம்மா. ஜப்பானில் கோபே நகரத்துக் கூமா மருத்துவமனையில் 1993-லேயே தொடங்கிவிட்டார்கள். இப்படிக் கண்காணித்த 1,235 பேரில் பத்து வருடத்தில் கட்டி அந்த 3 மி.மீ. வளர்ந்தது சுமார் 8 சதவீதம், நெறிக்குப் பரவியது சுமார் 4. இந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. 60 தாண்டியவர்களுக்கு வளர்வது இன்னும் குறைவு.

ஆனால் கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியோ, குரல் நரம்பு போகும் பின்பக்கமோ இருந்தால் காத்திருக்கக் கூடாது. அதை முதலில் கேளுங்கள்.

காபிப்பிரியை:
எனக்கு 9 மி.மீ.க்கு முழுசாகவே எடுத்துவிட்டார்கள். மறுநாள் ராத்திரி உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டதாம். இன்றும் தினமும் விடிந்ததும் தைராக்சின் மாத்திரை, பிறகு அரை மணி நேரம் காபிக்கு ஏக்கம். எடுத்தே தீரவேண்டும் என்றால் பாதி போதாதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருக்கும் ஒரு செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்குப் பாதிதான் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கமே 2015-இல் சொல்லியிருக்கிறது.

கரூர் தம்பி:
அக்கா, எங்கள் பெரியம்மா ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தார். கட்டி வளரவில்லை, பயம்தான் வளர்ந்தது. பாதியை எடுத்துக்கொண்டார். இப்போது நிம்மதி. அம்மா மனசையும் கேளுங்கள்.

ஈரோட்டுக்காரி:
ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கட்டி மூச்சுக்குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒரு வரிகூட இல்லை. நாளைக்கு ஸ்கேன் சென்டருக்குப் போகிறேன்.