கதாபாத்திரத்து மேல க்ரஷ்: எதிர்பார்ப்பைக் கெடுக்குதா, இல்லையா?

அரைநிலவு:
நாவலோ சீரிஸோ அனிமேயோ, அதில் வரும் ஒருவர் மேல் க்ரஷ் வைப்பது நிஜ மனிதர்களைப் பார்க்கும் கண்ணைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. அழகு, பணம், ஆறடி உயரத்தைச் சொல்லவில்லை. அந்த மயக்கமெல்லாம் சீக்கிரம் தெளிந்துவிடும். ஒட்டிக்கொள்வது 'சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும்' என்கிற எதிர்பார்ப்பு. நாயகன் பேசாமல் ஜன்னலோரம் நின்றால், அவன் மனதில் ஓடுவதை எழுத்தாளர் அடுத்த வரியிலேயே தந்துவிடுகிறார். படமென்றால் க்ளோசப்பும் பின்னணி இசையும் அந்த வேலையைச் செய்யும். 300 பக்கம் இப்படிப் படித்தவருக்கு மௌனம் என்றாலே ஆழம்தான். நிஜத்தில் எதிரே இருப்பவர் பேசாமல் இருப்பது வெறும் தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். உறவைக் கெடுக்கும் நம்பிக்கைகளை அளக்க ஐடெல்சனும் எப்ஸ்டீனும் 1982-ல் உருவாக்கிய வினாப்பட்டியலில் மொத்தம் 5 பிரிவுகள். அதில் ஒன்று இதேதான்: துணை என் மனதைப் படிக்க வேண்டும்.

செதில்:
அந்த நம்பிக்கை க்ரஷ்ஷால வந்ததுன்னு அந்தப் பட்டியல் எங்கயும் சொல்லலையே? சொல்லாம புரியணும்கிற ஆசை கைக்குழந்தைக்கே உண்டு. அழுதா போதும், பசியா ஈரமான்னு பெத்தவங்கதான் கண்டுபிடிக்கணும்.

ஆய்வைக் கூப்பிட்டா முழுசாக் கூப்பிடுங்க. செக்ரினும் நபியும் 2002-ல கல்யாணமாகாத 285 பேர்கிட்ட கேட்டாங்க. காதல் நிகழ்ச்சி அதிகம் பார்த்தவங்களுக்கு திருமணத்தைப் பத்தின கனவு அதிகமா இருந்துச்சு. ஆனா பொதுவா டிவி அதிகம் பார்த்தவங்களுக்கு அதே கனவு குறைவு! எல்லாக் கேள்வியும் ஒரே சமயத்துல கேட்டது. கனவு இருக்கிறவங்க காதல் கதையைத் தேடிப் போறாங்களா, கதைதான் கனவை ஊட்டுதான்னு அதை வச்சு சொல்ல முடியாது. இன்னொண்ணு, சாண்ட்ரா முர்ரே குழு 1996-ல வெளியிட்டது: துணையைக் கொஞ்சம் உசத்தியாவே பார்க்கிறவங்க உறவுல அதிகத் திருப்தியோட இருந்தாங்க. உசத்திப் பார்க்கிறதே நோய் இல்ல.

அரைநிலவு:
முர்ரே சொன்னது பக்கத்தில் இருக்கும் துணையை உயர்த்திப் பார்ப்பது. நான் சொல்வது பக்கத்தில் இல்லாத ஒருவரை உயர்த்திவைத்து, இருப்பவரை அதன் கீழே நிறுத்துவது. இரண்டும் எதிரெதிர்.

கட்டைவிரல்:
ரெண்டு பேரும் எல்லா க்ரஷ்ஷையும் ஒரே சாக்குல கட்டுறீங்க. டேட்டிங் கேம் ஆளும் நாவல் ஆளும் ஒண்ணு இல்ல. பல காதல் கேம்களோட எலும்புக்கூடு இதுதான்: 3 பதில்ல ஒண்ணைத் தேர்ந்தெடு, சரியா இருந்தா பிரியப் புள்ளி ஏறும், ஒரு அளவைத் தாண்டினா அடுத்த காட்சி திறக்கும். தப்பாப் பேசிட்டா, முன்னாடி சேமிச்சு வச்ச இடத்துல இருந்து கேமைத் திரும்ப லோட் பண்ணி, அந்த வாக்கியத்தையே பேசாத மாதிரி ஆக்கிடலாம்.

இதுல மனசுல பதியறது 'இப்படி ஒரு ஆள் கிடைப்பான்' இல்ல. 'சரியா நடந்துகிட்டா பலன் உறுதி'ங்கிறதுதான். 10 நாள் அன்பா இருந்துட்டு 11-ஆம் நாள் 'இன்னும் ஏன் காட்சி திறக்கல'ன்னு கோபம் வரும். மன்னிப்பு கேட்டாலும் உடனே பழைய நிலைக்குத் திரும்பிடணும்னு தோணும்.

சாட்பாட் கேரக்டர் இன்னும் ஒரு படி மேல. அங்க புள்ளிகூட வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு அனுப்பினாலும் நொடியில பதில். அதுக்குன்னு ஒரு கெட்ட நாள் கிடையாது. நாவல் ஆளாவது நம்மைக் கேட்காம முட்டாள்தனம் பண்ணித் தொலைவான்.

அரைநிலவு:
அந்த முட்டாள்தனத்தையும், அதே பாத்திரங்களை வைத்து ஃபேன் ஃபிக்ஷன் எழுதும் ரசிகர்கள் திருத்திவிடுவார்கள், அது வேறு கதை.

செதில்:
கேம் பத்திச் சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா விளையாடறவங்களுக்கு அது கேம்னு தெரியும். கார்ஹுலாத்தியும் வாலிசாலோவும் 2021-ல, கற்பனைப் பாத்திரங்களைக் காதலிக்கிறதைப் பத்தின 71 இணைய உரையாடல்களைப் படிச்சு எழுதின கட்டுரை இருக்கு. அதுல வர்ற முக்கியமான விஷயமே, அந்த ஆள் நிஜமில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டே தவிக்கிறது. தெரியாம ஏமாந்தவங்க இல்ல அவங்க.

அரைநிலவு:
அதே கட்டுரையில் இன்னொரு இழையும் உண்டு: நிஜத்தை மிஞ்சும் தூண்டுதல். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டின்பெர்கனின் சோதனைகளில் பறவை தன் முட்டையை விட்டுவிட்டு, அதைவிடப் பெரிய போலி முட்டைமேல் ஏறி அடைகாக்கப் பார்க்கும். போலி என்று தெரிவதும் அதன் இழுப்பு குறைவதும் ஒன்றல்ல.

மூக்குக்கண்ணாடி:
பறவையை விடுங்கள், பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. அந்தப் பாத்திரத்தில் பிடித்ததை 10 வரியில் எழுதவும். குணப்பெயர் கூடாது, நடந்தது மட்டும். 'அக்கறையானவன்' என்று எழுதினால் ஒன்றும் தேறாது. 'அவள் பேசும்போது குறுக்கிடவில்லை', 'அவளுக்குக் காய்ச்சல் என்று தானாகவே அறிந்து மழையில் வந்தான்' என்று இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இதை ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்க முடியுமா?

குறுக்கிடாதே என்று கேட்கலாம். 'நான் கேட்காமலே வா' என்று கேட்க முடியாது. கேட்ட நொடியில் அது செத்துப்போகிறது. முதல் வகையை விட்டுக்கொடுக்கத் தேவையே இல்லை. இரண்டாவது வகை கதாசிரியரின் ஏற்பாடு. காய்ச்சல் சேதி அவனுக்கு எப்படிப் போனது என்று பின்னால் புரட்டினால், பெரும்பாலும் ஒரு தோழி போய்ச் சொல்லியிருப்பாள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பட்டியலைப் பாத்திரத்தின் பெயரோடு துணையிடம் நீட்டுவது. அது ஒப்பீடாகத்தான் போய்ச் சேரும். வரியை மட்டும் சொல்லுங்கள், பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

செதில்:
செஞ்சு பார்த்தா பாதிக்கு மேல முதல் வகையாத்தான் இருக்கும். குறுக்கிடாதே, சொன்ன நேரத்துக்கு வா, நாலு பேர் முன்னாடி கேலி பண்ணாதே. இதுக்குத்தான் 'கதையைப் படிச்சுக் கெட்டுப்போய்ட்ட'ன்னு பேர் வைக்கிறாங்க.

அரைநிலவு:
அந்த வரிகளில் எனக்குச் சண்டை இல்லை. பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் சொல்கிறேன்: எத்தனை முறைக்கு எத்தனை முறை? கதையில் அவன் 20 காட்சிகளில் பேசுகிறான், 20-லும் குறுக்கிடவில்லை. சேர்ந்து வாழ்பவருக்கு ஒரு வாரத்திலேயே அதைவிட அதிகக் காட்சிகள். சண்டையும் அப்படித்தான். தம்பதிகளுக்குள் வரும் சச்சரவுகளில் 69 சதவீதம் தீராமல் திரும்பத் திரும்ப வருபவை என்பது தம்பதி உறவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மனின் கணக்கு. கதையிலோ ஒரு ரயில் நிலைய ஓட்டத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்.

செதில்:
கட்டம் போடறதுன்னா மூணாவதா ஒண்ணும் வேணும்: நான் எத்தனை தடவை குறுக்கிட்டேன்? கேரக்டர் அந்தக் கணக்கை மட்டும் கேட்கவே மாட்டான்.

கட்டைவிரல்:
ரெண்டாம் பாகம் வந்தா கேட்பான்.