பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிடுவது பாஸ்கெட்பால் கோச்சின் வேலையா?

வியாசர்பாடி கோச்:
பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. எந்தக் காலேஜில் எப்போது செலக்‌ஷன் டிரயல்ஸ், யாரைப் பார்க்க வேண்டும் என்று பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போன வாரம் சீனியர் கோச் ஒருவர் என்னிடம், "ஆடக் கற்றுக்கொடுத்ததோடு உன் வேலை முடிந்தது, சீட் பேசுவது புரோக்கர் வேலை" என்றார். மனதில் தைத்துவிட்டது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என்னிடம் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவர்களே இல்லை. அப்பா ஆட்டோ ஓட்டுவார், இல்லையென்றால் ஹார்பரில் லோடு வேலை. காலேஜில் விளையாட்டைப் பார்த்துக்கொள்ள பிசிகல் டைரக்டர் என்று ஒருவர் இருக்கிறார், அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை இவர்களுக்கு யார் சொல்வது?

இன்னொன்று. ஸ்டேட் டீமில் 12 பேர். 12 பேருக்கும் ஒரே சர்டிபிகேட். மேட்ச் முழுக்க ஓடியவனுக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கும் தாளில் வித்தியாசம் கிடையாது. என் பையன் ஒருவன், எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டு கோர்ட் முழுக்க நெருக்கினாலும் பந்தை விடமாட்டான், கூடைக்குக் கிட்டே ஓடிப்போய்ப் போடுகிற லே-அப்பை இடது கையிலும் முடிப்பான், உயரம் ஆறடிதான் ஆனாலும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் தன் ஆளை முதுகால் தள்ளி நிறுத்திவிட்டுத்தான், விழாமல் திரும்புகிற பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்கு எழும்புவான். இதையெல்லாம் எந்த சர்டிபிகேட்டில் எழுதியிருக்கிறார்கள்? தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கிரவுண்டில் அவனைப் பார்க்கிற நான்தான் சொல்ல வேண்டும்.

பழைய பாயிண்ட் கார்டு:
கோச் சார், உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த சீனியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்த 12 பேரில் கடைசி ஆளைச் சேர்த்தது யார்? ஸ்டேட் செலக்‌ஷனில் மேஜைக்குப் பின்னால் உட்காருகிறவரும் கோச், காலேஜுக்குப் போன் போடுகிறவரும் கோச். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருந்தால், நன்றாக ஆடுகிற ஆனால் கோச்சுக்குப் பிடிக்காத பையன் எங்கே போவான்? யாரிடம் முறையிடுவான்?

என்னோடு ஆடியவன் கதையைச் சொல்கிறேன். ஒரு தனியார் கல்லூரி. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ என்று அவனுடைய கோச் பேசி முடித்தார். எல்லாமே வாய்வார்த்தை. இரண்டாம் வருடம் ரீபவுண்டுக்கு ஏறி இறங்கும்போது முழங்காலில் ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிந்தது. ஆபரேஷன், ஏழெட்டு மாதம் பிசியோ. மூன்றாம் வருடம் ஆரம்பித்ததும் ஃபீஸ் கட்டச் சொன்னார்கள். வேறு காலேஜுக்கு மாறலாம் என்றால் ஒரிஜினல் மார்க் ஷீட் எல்லாம் ஆபீஸில். கோச்சைக் கூப்பிட்டால் எடுக்கவே இல்லை. ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருக்கிறது. அதை அவனுக்குச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

அதனால் சொல்கிறேன், கோச் நடுவில் நிற்க வேண்டாம். பையனும் பெற்றோரும் நேரே போய்ப் பேசட்டும். தான் என்ன பேசி ஒத்துக்கொண்டோம் என்பதாவது அவனுக்குத் தெரியும்.

ஆவடி அம்மா:
நேரே போய்ப் பேசு என்கிறீர்களே தம்பி, என்ன பேசுவது? என் பெண் பிளஸ் ஒன், நல்ல உயரம், சென்டர் ஆடுகிறாள். போன வருடம் தெரிந்தவர் பெண்ணுக்காக ஒரு காலேஜுக்குக் கூடப் போனேன். வாட்ச்மேன் கேட்டிலேயே "டிரயல்ஸ் முடிந்துவிட்டது மேடம்" என்று அனுப்பிவிட்டார். எப்போது வைத்தார்கள், எங்கே போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.

கோச் சார், என் பெண்ணுக்கு இன்ஜினியரிங் ஆசை. பிராக்டிஸுக்கு நேரம் வேண்டும், கணக்கு குரூப் வேண்டாம் என்று அவளுடைய பி.டி. சார் சொல்கிறார். என்ன செய்ய?

வியாசர்பாடி கோச்:
மேடம், தயவுசெய்து கணக்கை விட வேண்டாம். தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் வரிசை விளையாட்டுச் சாதனையை வைத்துத்தான். ஆனால் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்து, பொதுப்பிரிவு என்றால் 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் முதல் பட்டியலினத்தவர் வரை 40 சதவீதம் எடுத்திருந்தால்தான் உள்ளேயே வர முடியும். நேஷனல் ஆடிய பெண்ணாக இருந்தாலும் குரூப் தப்பானால் கதவு மூடிவிடும்.

அப்புறம், அந்தக் கவுன்சலிங்கில் விளையாட்டுச் சாதனைக்கு ஆதாரமாகக் கொடுக்க வேண்டிய ஃபார்ம். இதில்தான் வருடா வருடம் பிள்ளைகள் அழுகிறார்கள். மெடலோடு கொடுக்கிற பளபளப்பான சர்டிபிகேட்டை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு அதுதான் எல்லாம் என்று நினைக்கிறார்கள். அசோசியேஷன் வழியாக ஸ்டேட்டுக்காக நேஷனல் ஆடினால் ஃபார்ம் 2, பள்ளிகளுக்கான நேஷனல் என்றால் ஃபார்ம் 4. இரண்டிலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் வேறு. முதலாவது ஸ்டேட் அசோசியேஷன், இரண்டாவது பள்ளிக்கல்வித் துறை. போட்டி முடிந்து ஊர் திரும்பிய உடனே வாங்கிவிட வேண்டும். கவுன்சலிங் அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் கிடைக்காது.

பாயிண்ட் கார்டு தம்பி, இந்த மேடத்தைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் போன் போட்டிருந்தால் டிரயல்ஸ் தேதி முன்கூட்டியே தெரிந்திருக்கும். இதை எப்படிப் புரோக்கர் வேலை என்பீர்கள்?

பழைய பாயிண்ட் கார்டு:
தேதி சொல்வதை நான் குறை சொல்லவே இல்லை சார். இப்போது அக்காவுக்குச் சொன்னீர்களே, அதுதான் கோச் செய்ய வேண்டிய வேலை, அதை மனதார ஏற்கிறேன். "இந்தப் பெண்ணை உங்களிடம் அனுப்புகிறேன்" என்று வாக்குக் கொடுப்பதுதான் தப்பு. அந்த வாக்குக்குப் பிறகு அவள் வேறு டிரயல்ஸுக்குப் போனால் கோச்சுக்குக் கோபம் வருகிறது. சில கோச்சுகள் ஒரே காலேஜுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். ஏன் என்று கிரவுண்டில் எல்லோருக்கும் தெரியும்.

தாம்பரம் ஜம்ப்ஷாட்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். இப்போது அமெரிக்கக் காலேஜ் ஆசை நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. பஞ்சாபிலிருந்து போன சத்னாம் சிங்கை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் 2015இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் டல்லாஸ் அணிக்குத் தேர்வானது காலேஜ் ஆட்டம் ஆடாமலேயே. காலேஜ் வழியாகப் போக வேண்டும் என்றால் ஹர்சிம்ரன் கவுரைப் பாருங்கள், சான் டியாகோ பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போனார்.

அங்கே காலேஜ் விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் ஆட 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அதுவும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து. கணக்கு மட்டும் மூன்று வருடம். பிளஸ் ஒன்னில் கணக்கில்லாத குரூப் எடுத்தால் ஒன்பதும் பத்தும் சேர்த்து இரண்டு வருடம்தான் ஆகும். ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டை நம்மில் எத்தனை பேர் பத்திரமாக வைத்திருக்கிறோம்? டிவிஷன் மூன்றில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அங்கே ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்ட் வந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆவடி அம்மா:
அமெரிக்கா எல்லாம் எங்களுக்கு எட்டாது தம்பி. ஆனால் கணக்கு விஷயத்தில் நீங்களும் கோச் சாரும் ஒரே பதில் சொல்லிவிட்டீர்கள். நாளைக்கே ஸ்கூலில் பேசுகிறேன்.

எங்கள் சொந்தத்தில் இன்னும் கேட்கிறார்கள், பொம்பளைப் பிள்ளை பந்து ஆடி என்ன ஆகப்போகிறது என்று. நம்ம சென்னைப் பெண் அனிதா பால்துரை இந்திய அணிக்கே கேப்டனாக இருந்து, 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார், சதர்ன் ரயில்வேயில் வேலை பார்த்தார் என்று சொல்லித்தான் வாயை அடைக்கிறேன். அதனால் என் பெண்ணுக்காக ஒரு கோச் போன் போட்டால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வராது.

வியாசர்பாடி கோச்:
பாயிண்ட் கார்டு தம்பி, உங்கள் நண்பர் கதையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். இந்த வருடம் டிரயல்ஸுக்குப் போகிற நான்கு பையன்களின் பெற்றோரையும் கிரவுண்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். காலேஜில் எழுதி வாங்க வேண்டியது என்ன என்று உட்கார்ந்து பேசப்போகிறோம். சலுகை எத்தனை வருடத்துக்கு, அடிபட்டால் தொடருமா, ஆபரேஷன் செலவு யார் பொறுப்பு, அரியர் விழுந்தால் என்ன ஆகும், மேட்சுக்குப் போகிற நாளுக்கு ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி என்று வருகைப்பதிவு கிடைக்குமா. லெட்டர்ஹெட்டில் பதில் தராத காலேஜுக்கு என் பையன் போக மாட்டான். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இதையும் நானே கேட்பேன். பையன் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

பழைய பாயிண்ட் கார்டு:
இது போதும் சார், பாதிச் சண்டை தீர்ந்தது. மீதியையும் கேட்டுவிடுகிறேன். செலக்‌ஷன் கமிட்டியில் இருக்கிற வருடம் உங்கள் பையன்களுக்காக எந்தக் காலேஜிலும் பேச மாட்டேன் என்று சொல்வீர்களா?

வியாசர்பாடி கோச்:
அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கமிட்டியை விட்டு வேண்டுமானால் விலகிவிடுகிறேன், லெட்டர் எழுதிக் கொடுக்கிறேன். போனைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள்.

பழைய பாயிண்ட் கார்டு:
அப்படியென்றால் லெட்டரை இந்த சீசன் செலக்‌ஷனுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள் சார்.