வயதான பூனை, ஆஸ்பத்திரி என்றாலே நடுங்குகிறாள். என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை வீடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மீனுவுக்கு வயது 14. பெட்டைப் பூனை, கருத்தடை ஆப்பரேஷன் முன்பே ஆகிவிட்டது. கொஞ்ச காலமாகத் தண்ணீர் குடிப்பது ரொம்பக் கூடியிருக்கிறது. முன்பெல்லாம் கிண்ணத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள், இப்போது கிணற்றடி வாளி, குளியலறைத் தரை, செடித்தொட்டித் தட்டு என்று தண்ணீர் தேங்கிய இடத்திலெல்லாம் நக்குகிறாள். மணல் தட்டு சீக்கிரம் நனைந்துவிடுகிறது. தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு விரலில் தட்டுப்படுகிறது. சாப்பாடு ஒரு நாள் ஆசையாக, இன்னொரு நாள் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். திண்ணைச் சுவரில் ஒரே தாவலில் ஏறுபவள் இப்போது கீழே நின்று ரொம்ப நேரம் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

காட்ட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் போன தடவை ஒரு கிளினிக்கில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே ஒரு பெரிய நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது, உள்ளே போனதும் உதவியாளர் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினார், இவள் மேசையிலேயே மூத்திரம் போய், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் போனவள் அடுத்த நாள்தான் வெளியே வந்தாள். அதிலிருந்து கேரியரைக் கண்டாலே எங்கே போய் ஒளிகிறாள் என்று கண்டுபிடிக்க முடியாது.

அம்மா, வயசாயிடுச்சு, இனி இழுத்துக்கொண்டு அலையாதே, இருக்கும்வரை நிம்மதியாக இருக்கட்டும் என்கிறார். அவர் சொல்வதும் பாசத்தில்தான். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. எங்களுக்குப் பாலக்காடு ஒரு பக்கம், பொள்ளாச்சி ஒரு பக்கம், எங்கே போனாலும் நல்ல தூரம். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வழி உண்டா? உடம்பு வலிக்கும், டோலோவில் கால் துண்டு கொடு என்று ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா?

வாளையாறு வாசி:

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். டோலோ கொடுக்காதீர்கள். கால் துண்டும் வேண்டாம், குழந்தைகள் சிரப்பில் ஒரு சொட்டும் வேண்டாம். டோலோவில் இருப்பது பாராசிட்டமால், அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாக மாறி, முகம் வீங்கி, மூச்சு திணறி உயிர் போய்விடும். புரூஃபென் மாதிரி மனிதர்களுக்கான மற்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான், கிட்னியை அடித்துவிடும். வீட்டில் யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் ராத்திரி என்று பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

நாய்க்குப் போடும் உண்ணி மருந்தும் வேண்டாம், பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும். இந்தப் பக்கம் மாடு, நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலை எடுக்கிற வழக்கம் இருப்பதால் சொல்கிறேன்.

சித்தூர் கால்நடை:

நான் கால்நடை மருத்துவர்தான், ஆனால் நேரில் பார்க்காமல் மீனுவுக்கு என்ன என்று சொல்லமாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன். இந்த வயதில் தண்ணீர் தாகமும் எடை குறைவும் சேர்ந்து வந்தால் முதலில் மூன்றைச் சந்தேகப்படுவோம்: கிட்னி, சர்க்கரை, தைராய்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் பெரும்பாலும் பசி தாங்காமல் தின்றுகொண்டே மெலியும், ராத்திரியில் கத்தும். மீனு சாப்பாட்டில் தயங்குவதால் கிட்னி மேல் எனக்குச் சந்தேகம் கூடுதல், ஆனால் ரத்தம் பார்க்காமல் எதுவும் உறுதியில்லை. பல்லையும் பார்க்கவேண்டும். ஆசையாக வந்து முகர்ந்துவிட்டு நகர்வது சில சமயம் வாய் வலியாகவும் இருக்கும். திண்ணையில் ஏறத் தயங்குவது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், 12 வயது தாண்டிய பூனைகளில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலானவற்றில் அது தெரியும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த மூன்றில் எதுவானாலும் வைத்தியம் உண்டு. வைத்தியம் இல்லாமல் விட்டால் அது நிம்மதியான காலமாக இருக்காது. கிட்னி பழுதான பூனைக்குக் குமட்டலும் வாய்ப்புண்ணும் வரும், அது சத்தம் போடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், பார்க்கிறவர்களுக்கு அமைதியாக இருப்பதுபோலத் தெரியும்.

இப்போது வழி. முதல் தடவை பூனையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், நீங்கள் மட்டும் போங்கள். அவள் தண்ணீர் குடிப்பது, நடப்பது, ஏற முயல்வது எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்கில் நடந்ததையும் சொல்லுங்கள், முக்கியமாக வாயைத் திறந்து மூச்சு வாங்கியதை மறக்காமல் சொல்லுங்கள். அது பயத்திலும் வரும், இதயக் கோளாறிலும் வரும். அதன் பிறகு கபாபென்டின் பற்றிக் கேளுங்கள். பயப்படும் பூனைகளுக்குக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வாய்வழி கொடுக்கும் மருந்து அது. தூக்கக் கலக்கமும் லேசான தள்ளாட்டமும் இருக்கும், அன்றைக்கே தெளிந்துவிடும். கிட்னி மோசமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், அதனால் அளவை டாக்டர்தான் எழுதவேண்டும். மருந்துக்கடையில் கபாபென்டினோடு நார்ட்ரிப்டிலின் அல்லது மெத்தில்கோபாலமின் சேர்த்த மாத்திரைகள்தான் நிறைய இருக்கும். அதை வாங்கிவிடாதீர்கள், தனி கபாபென்டின் என்று அட்டையைப் படித்து வாங்குங்கள். டாக்டர் சம்மதித்தால் வேலையில்லாத ஒரு நாளில் வீட்டில் கொடுத்து, எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு அப்புறம் பயணம் வையுங்கள்.

போகிற அன்று ஒரே போக்கில் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டும் கழிவு), யூரியா, சர்க்கரை, டி4 (தைராய்டு ஹார்மோன்), பொட்டாசியம், பாஸ்பரஸ், அதோடு ரத்த அழுத்தம். கிட்னி நோயில் கிரியேட்டினின் 1.6-லிருந்து 2.8 mg/dL வரை இரண்டாம் கட்டம், 2.9-லிருந்து 5 வரை மூன்றாம் கட்டம் என்று ஏறக்குறைய பிரிப்போம், ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், தண்ணீர்ச் சத்து குறைந்திருந்தாலும் அது ஏறும். ரத்த அழுத்தத்தை விட்டுவிடாதீர்கள். கிட்னியோ தைராய்டோ உள்ள பூனைக்கு அழுத்தம் ஏறி ஒரே நாளில் கண் போய்விடும், கண்மணி பெரிதாக விரிந்து, பார்வை தெரியாமல் சுவரில் முட்டும். அதற்கு அம்லோடிபின் என்ற சாதாரண மாத்திரை இருக்கிறது.

மூத்திரத்தை நீங்களே வீட்டில் பிடிக்கலாம். தட்டைக் கழுவிக் காயவைத்து, மணலுக்குப் பதில் மீன் தொட்டியில் போடும் கூழாங்கல்லைக் கழுவி ஒரு கை போடுங்கள். அவள் போனதும் சாய்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, மூடி ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் தூங்கும்போது நிமிடத்துக்கு 40-க்கு மேல் மூச்சு, முழுதாக ஒரு நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது, பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொள்வது, மூத்திரம் போக முக்கியும் வராமல் இருப்பது. இந்தக் கடைசியில் ஆண் பூனை என்றால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

பொள்ளாச்சி ரோடு:

டாக்டர் மருந்து சொல்லிவிட்டார், நான் கேரியர் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கிட்னிப் பூனை இந்த வழியில்தான் அடங்கினான், அவனும் மீனு மாதிரிதான்.

கேரியரைப் பரணிலிருந்து எடுத்து, வெயிலில் கழுவிக் காயவைத்து, கதவைக் கழற்றிவிட்டு அவள் படுக்கிற அறையிலேயே வைத்துவிடுங்கள். அவள் படுத்த பழைய சேலை உள்ளே. சாப்பாட்டுக் கிண்ணம் முதலில் பக்கத்தில், பிறகு வாசலில், பிறகு உள்ளே. அவசரப்படாதீர்கள், நீங்கள் தள்ளவும் வேண்டாம். தானாக உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகு கதவை மாட்டி, சும்மா மூடித் திறங்கள். வாங்குவதென்றால் மேல்பக்கமும் திறக்கிற வகை வாங்குங்கள், மேல் பாதியைக் கழற்றினால் இன்னும் நல்லது. எங்கள் டாக்டர் பூனையை வெளியே இழுக்காமல் கீழ்ப் பாதியில் சேலையோடு உட்காரவைத்தே ரத்தம் எடுத்தார், பின்னங்காலில் எடுத்தார், அவன் முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டு அசையவே இல்லை.

கழுத்துத் தோலைப் பிடிக்க வேண்டாம், துண்டில் சுற்றிப் பிடியுங்கள் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முதல் டோக்கன் கேளுங்கள். வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள், நம் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் பங்குனி சித்திரையில் மத்தியானம் ஆட்டோவுக்குள் மனிதனுக்கே தாங்காது. கேரியர் மேல் மெல்லிய துணி போட்டு மூடி, கூப்பிடும்வரை ஆட்டோவிலேயே நிழலில் இருங்கள். உங்கள் ஊர் மிருகாஸ்பத்திரியிலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக் கொடுக்க டாக்டர் சம்மதித்தால் பாதி வேலை முடிந்தது. எங்கும் சரிவரவில்லை என்றால் திருச்சூர் பக்கம் மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

கிட்னி என்று வந்தால் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவதை நீங்களே கற்றுக்கொள்ளலாம். கேட்கும்போது எனக்குக் கை நடுங்கியது, இப்போது அவன் மடியில் படுத்துக்கொண்டே ஏற்றிக்கொள்கிறான். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு, தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிக் குத்தவேண்டும். ஏற்றியது கொஞ்ச நேரம் ஒரு பக்கம் தொங்கும், பிறகு உடம்பு எடுத்துக்கொள்ளும். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது டாக்டர் சொல்வதுதான். இதயம் பலவீனமான பூனைக்கு இது ஆபத்து.

சாப்பாட்டில் கருவாட்டை நிறுத்துங்கள், உப்பு. மீன் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவதும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்துக்கு ஆகாது. வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி கொடுங்கள், வெந்த தண்ணீரையும் சேர்த்து. கிட்னி உணவு எழுதிக் கொடுத்தால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள், திடீரென்று மாற்றினால் பட்டினி கிடப்பாள். பழைய சாப்பாட்டைத் தொடர்வதைவிடப் பட்டினி மோசம்.

கொழிஞ்சாம்பாறை வீடு:

எல்லாருக்கும் நன்றி. டோலோ அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். டாக்டர் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், மூலையில் உட்கார்ந்திருப்பது பற்றிய வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். நாளைக்கு மீனுவை வீட்டில் விட்டுவிட்டு வீடியோவோடு போகிறேன், அம்மாவும் வருகிறேன் என்கிறார். கேரியர் இப்போது பீரோ பக்கத்தில் இருக்கிறது, இரண்டடி தள்ளி உட்கார்ந்து அதையே பார்க்கிறாள். ஒரு சந்தேகம். கேப்சூலை முழுங்கமாட்டாள். பிரித்துக் கலக்கலாமா? பிடிக்கும்போது கடித்தால்?

சித்தூர் கால்நடை:

கபாபென்டின் கேப்சூலைப் பிரித்துக் கலக்கலாம், தூள் கசக்கும், அதனால் ஒரு ஸ்பூன் அளவு வேகவைத்த மத்தி மீன் சதையில் குழைத்து, பசியாக இருக்கும்போது அதை மட்டும் முதலில் வையுங்கள். முழுக் கிண்ணத்தில் கலந்தால் பாதியை விட்டுவிடுவாள், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. மற்ற மாத்திரைகளைக் கேட்காமல் பொடிக்காதீர்கள்.

கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். மீனுவுக்கு ரேபிஸ் ஊசி எப்போது போட்டது என்ற சீட்டு இருந்தால் நாளைக்கு அதையும் எடுத்துப் போங்கள். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவோடு உட்காரவைத்து எடையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் மருந்து அளவு எழுத அது வேண்டும்.