பிஎஸ்2-வை (பிளேஸ்டேஷன் 2) 4கே டிவியில் போட்டால் படம் கலங்குது, என்ன வாங்கலாம்?

தேவனாம்பட்டினம்_கேமர்
பிஎஸ்2 ஸ்லிம், 43 இன்ச் டிவி. மஞ்சள்-சிவப்பு-வெள்ளை கேபிள்ல எழுத்தோரமா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, சிவப்பு நிறம் வழியுது. கடையில ஏவி-டு-எச்டிஎம்ஐ பெட்டி வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமா?

முத்தியால்பேட்டை_ஆர்கேட்
வேண்டாம் ப்ரோ. மஞ்சள் கம்பியில வெளிச்சமும் நிறமும் ஒன்னாக் கலந்து வருது, எறும்பு ஊர்றதே அதனாலதான். கலந்து வந்ததை அந்தப் பெட்டி பெருசாக்கும், அவ்வளவுதான். பட்டன் அமுக்கினா தாமதம் வேற.

காம்போனென்ட் கேபிள் போடுங்க, அதுல வெளிச்சமும் நிறமும் தனித்தனி கம்பியில வரும். பச்சை, நீலம், சிவப்பு படத்துக்கு. இன்னொரு சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. மாத்துறதுக்கு முன்னாடி, மஞ்சள் கேபிள் இருக்கும்போதே, டிஸ்க் இல்லாம ஆன் பண்ணி சிஸ்டம் கான்ஃபிகரேஷன்ல காம்போனென்ட் வீடியோ அவுட் பாருங்க. ஆர்ஜிபின்னு இருந்தா இன்னொன்னுக்கு (ஒய்-ல ஆரம்பிக்கும்) மாத்துங்க. இதை விட்டா நிறம் கன்னாபின்னான்னு வரும், பாவம் கேபிள் திட்டு வாங்கும்.

சில டிவியில பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒரே சாக்கெட். படம் கருப்பு-வெள்ளையா வந்தா சோர்ஸ் ஏவி-ல நிக்குதுன்னு அர்த்தம்.

தேவனாம்பட்டினம்_கேமர்
பின்னாடி காம்போனென்ட் சாக்கெட்டே இல்லையே. எச்டிஎம்ஐ மட்டும்தான்.

முத்தியால்பேட்டை_ஆர்கேட்
அப்போ பிஎஸ்2-டு-எச்டிஎம்ஐன்னு விக்கிற சின்ன பிளக். முதல்ல சொன்ன பெட்டி மாதிரி இல்ல, இது மல்டி அவுட்ல (பிஎஸ்2 பின்னாடி ஏவி கேபிள் சொருகுற சாக்கெட்) இருந்து காம்போனென்ட்டையே எடுக்கும். அதனால மேலே சொன்ன செட்டிங் இதுக்கும் கட்டாயம். 5 வோல்ட் வேணும், பிஎஸ்2 முன்பக்க யூஎஸ்பியே போதும்.

ஆனா இது படத்தோட அளவை மாத்தாது, வர்றதை அப்படியே அனுப்பும். பிஎஸ்1 டிஸ்க் பெரும்பாலும் 240 வரி. பல டிவி 'நோ சிக்னல்'னு சொல்லிடும். பிஎஸ்1-ம் ஆடணும்னா ரெட்ரோடிங்க் இல்லைன்னா ஓஎஸ்எஸ்சி, பழைய கன்சோல் படத்தை புது டிவிக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டிங்க. விலை அதிகம், பிஎஸ்2-க்காக மட்டும்னா தேவையில்ல.

சில கேம்ல லோகோ வரும்போது முக்கோணமும் எக்ஸும் சேர்த்து அமுக்கிப் பிடிச்சா 480 ப்ரோக்ரஸிவ் (எல்லா வரியும் ஒரே தடவையில வர்ற, தெளிவான படம்) வேணுமான்னு கேட்கும். நம்ம ஊர்ல கிடைக்கிற பால் (PAL, நம்ம டிவி முறை) டிஸ்க் பலதுல அதை எடுத்துட்டாங்க.

சில்வர்பீச்_சால்டர்
கடலோர வீடுன்னா மல்டி அவுட் பின்னைப் பாருங்க. உப்புக் காத்துல பச்சை பூத்திருக்கும். ஒரு பின் பிடிக்கலைன்னா சிவப்பே வராது, செட்டிங் கோளாறுன்னு தோணும். கரண்ட்டைக் கழட்டிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சு, நல்லா காஞ்சப்புறம் சொருகுங்க.

டிவியில கேம் மோட், பட வடிவம் 4:3. ஷார்ப்னஸ் குறைங்க, சில பிராண்ட்ல 0 நடுநிலை, சிலதுல 50. எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு மறையற இடத்துல நிறுத்துங்க.